போர்கில் அடித்த பொது மணி

எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்த போர்கில் ட்வெய்ட்டைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். அவள் பேசியதில் பாதியை ஒட்டுக் கேட்டவள் நான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மின்னசோட்டாவில் ஒரே கம்பியில் பத்துப் பன்னிரண்டு பண்ணை வீடுகளைக் கோத்துவிட்டு, அடுத்த வீட்டு மணி அடித்தால் எடுக்காதே என்றால் யார்தான் எடுக்காமல் இருப்பார்கள்? ஆனால் எடுப்பவர்கள் கூடக் கூட, பேசுகிறவர் குரல் மெலிந்துகொண்டே போகும்.

"எல்லாரும் வச்சிட்டுப் போய் மாட்டைக் கறங்க! எனக்கு ஒண்ணும் கேக்கல!" என்று போர்கில் நடுவில் அதட்டுவாள். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே நிற்போம்.

1949 அக்டோபரில், பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆல்வின் ஸ்காரின் வண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டது. கடைசிப் பிள்ளையையும் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்புகிற நேரம். பொழுது சாய்ந்த பிறகும் வானத்தில் வெள்ளையாய், வட்டமாய் ஏதோ நின்றதாம். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினானாம். பத்திரிகைகள் இரண்டு வருடமாகப் பறக்கும் தட்டு, பறக்கும் தட்டு என்று எழுதித் தள்ளிய காலம் அது. ஆல்வின் முன்பு நன்றாகக் குடித்தவன். விட்டு மூன்று வருடமாகிறது. ஊர் மறக்குமா?

விசாரிக்க ஒரு ராணுவ அதிகாரி வந்தார். ஆல்வின் பார்த்தது வெள்ளி கிரகம் என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பள்ளிக் குழுத் தலைவர் ஓர்வல் நெஸ்ஹைமுக்கு அது போதுமாக இருந்தது.

"வெள்ளியப் பார்த்து வாய்க்கால்ல விடுறவன நம்பிப் புள்ளைங்கள அனுப்ப முடியுமா? பழைய பாட்டில் திரும்பி வந்திருக்கு, வேறென்ன?" என்று அவர் போனில் சொன்னதைப் பதினோரு வீடு கேட்டது. அந்த மாதக் கடைசி வியாழக்கிழமை கூட்டத்தில் ஆல்வினை நீக்கிவிடுவதாக இருந்தார்கள்.

ஆல்வின் போர்கிலைக் கூப்பிட்டான். "ஒரு சொட்டுகூடத் தொடல, போர்கில். நீயாவது நம்புறியா?"

"நம்புறது இருக்கட்டும். எத்தனை மணிக்குப் பார்த்த? எந்தப் பக்கம்? அதச் சொல்லு."

அவள் அப்படித்தான். ஆறுதல் சொல்ல வராது; வேலை செய்ய வரும்.

ஆல்வின் வண்டி இறங்கிய மாலை வந்த அழைப்புகளுக்குத் தான் எழுதி வைத்த சீட்டுகளை எடுத்துப் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் நேரம் இருக்கும். வெள்ளையாய் ஏதோ தெரிகிறது என்று முதலில் கூப்பிட்டது மேற்கு ஓரத்துப் பண்ணை. நாற்பது நிமிடம் கழித்துக் கடைசியாகக் கூப்பிட்டது கிழக்கு ஓரத்துப் பண்ணை. வெள்ளி மேற்கே இறங்குமே தவிர, மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்து வருமா? மேற்கே உள்ள எக்ஸ்சேஞ்சுகளை ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே போனாள். மூன்றாவது ஊரில் விமான மைதானம் உண்டு. அங்கே எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் இங்கா.

"நேவிக்காரங்க வந்திருக்காங்க. அதப்பத்திப் பேசக்கூடாதுன்னுட்டாங்க" என்றாள் இங்கா.

"சரி, பேசாத. அவங்களுக்கு ஓட்டல்லேர்ந்து சாப்பாடு போகுதா?"

"காத்தில்லாத நாளாப் பார்த்துதான் வேலை. முந்தின நாளே நாப்பது பேருக்குக் காபியும் டோனட்டும் சொல்லிடுவாங்க. லாரி லாரியா காஸ் சிலிண்டர் வேற வருது. இதச் சொல்லக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே!"

காஸ் என்றதும் போர்கிலுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவளுக்குப் புரிந்து என்ன பயன்? ஓர்வலுக்குப் புரிய வேண்டுமே.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, நாற்பது காபி என்று இங்கா சொல்லி அனுப்பினாள். மறுநாள் மாலை ஐந்தே காலுக்கு எங்கள் வீட்டு மணி விடாமல் அடித்தது. எல்லா வீட்டிலும் ஒன்றாய் அடிக்கிற பொது மணி! தீ, புயல், சாவு, இந்த மூன்றுக்கு மட்டும்தான் அதை அடிப்பார்கள். மாவுக் கையோடு ஓடினேன்.

"தீயெல்லாம் இல்ல. எல்லாரும் வெளிய போய் வானத்தப் பாருங்க. அது எந்தத் திசையில இருக்கு, கைய நீட்டி முஷ்டி மேல முஷ்டி வச்சா தரையிலேர்ந்து எத்தன முஷ்டி உசரம்னு ஒவ்வொருத்தரா வந்து சொல்லுங்க. ஒட்டுக் கேக்கத் தெரியுதுல்ல? இன்னைக்கு ஒரு தடவ பேசுங்க!"

முப்பத்தொரு வீடு பேசியது. நானும் பேசினேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் உட்கார இடமில்லை. ஆல்வின் தொப்பியைக் கசக்கிக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தான். போர்கில் ஊர் வரைபடத்தைச் சுவரில் மாட்டினாள். வீட்டுக்கு ஒரு குண்டூசி, ஊசிக்கு ஒரு சிவப்பு நூல். நூலெல்லாம் நடுவில் ஒரே இடத்தில் வந்து முடிந்தன.

"வடக்க இருக்கிறவங்க இதத் தெற்க பார்த்திருக்காங்க. தெற்க இருக்கிறவங்க வடக்க பார்த்திருக்காங்க. நடுவுல இருக்கிறவங்களுக்குக் கழுத்து வலி. வெள்ளி கிரகம் நம்ம ஊருக்கு நேர் மேல வந்து நிக்குமா? ஒரு முஷ்டின்னா பத்து டிகிரி. அந்தக் கணக்குப்படி பதினெட்டு மைல் உசரம். அவ்ளோ உசரத்துல விமானமும் கிடையாது. செவ்வாய்லேர்ந்தும் யாரும் வரல. மேற்க நேவிக்காரங்க காஸ் அடைச்சு விடுற பலூன் இது."

ஓர்வல் எழுந்தார். "நூல வச்சிப் பொம்பளைங்க போடுற கணக்குக்கெல்லாம்..."

"அந்த வடக்கு ஓர நூல் உங்களோடது, ஓர்வல்." போர்கில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு சீட்டை வாசித்தாள். "மாலை ஐந்து பத்தொன்பது. ஓர்வல் நெஸ்ஹைம். 'தெற்க, ஆறு முஷ்டி. பால் கேன் மூடி மாதிரி மின்னுது. கடவுளே, என்னது அது?'" நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அப்ப எத்தன கிளாஸ் உள்ள போயிருந்துச்சு?"

கூரை பறக்கிற சிரிப்பு. ஓர்வலின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் சொல்ல வேண்டும், ஆல்வினை வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் கை தூக்கியது அவர்தான்.

அதிகாரி மறுபடி வந்தார். பலூன் என்று ஊருக்குச் சொன்னது யார் என்று கேட்டார். "சொன்னேன் சார், கூட்டத்துல. ஆனா நான் சொல்லாட்டியும் இந்த லைன்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றாள் போர்கில். பொது மணியைக் கண்டபடி அடித்ததற்குக் கம்பெனியிலிருந்து கண்டனக் கடிதமும் வந்தது. அதை எக்ஸ்சேஞ்ச் சுவரில் அந்த வரைபடத்தின் பக்கத்திலேயே குத்தி வைத்தாள். அப்படி ஒரு பெண்ணை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஆல்வின் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டான். வழக்கம்போல நான் எடுத்தேன். எல்லோரும்தான் எடுத்தார்கள்.

"போர்கில்..." என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அழுகிறான் என்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

யாரோ ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. அடுத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. நானும் வைத்துவிட்டேன். ஒரு பேச்சு முடியும் முன்பே நான் ரிசீவரை வைத்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

அவன் என்ன சொன்னான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரொம்ப நாள் கழித்து நானே கேட்டேன். போர்கில் அதைச் சொல்லவில்லை.

"அன்னைக்கு ஆல்வின் குரல் பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னாள்.