பிரேக்கைப் பிடிக்காதே: சுங்கை பாக்காப் குன்றில் பறக்கப் பழகிய கதை

கிறிஸ்துமஸ் விருந்தில் கோழிப் பிரட்டலை எனக்குப் பரிமாறிக்கொண்டே சேவியர் அண்ணன் சொன்னார்: "நாப்பத்தாறு வயசாச்சு. பறக்கிறது இருக்கட்டும், மொதல்ல மூச்சு வாங்காம மாடிப்படி ஏறக் கத்துக்க லா." மேசையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பாராகிளைடிங் பழக ஆசை என்று பேச்சுவாக்கில் வாயைத் திறந்தது என் தப்பு. அதுவரை அது வெறும் ஆசைதான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பிடிவாதமாகிவிட்டது. கை கழுவிய ஈரம் காய்வதற்குள் பிப்ரவரி வகுப்புக்குக் கைப்பேசியிலேயே பணம் கட்டிவிட்டேன்.

நான் தீவில், ஜார்ஜ் டவுனில் குடியிருக்கிறேன். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களின் தரத்தைச் சரிபார்க்கும் வேலை. என்னைப் போல "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று கேட்டுச் சலித்தவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் படகு இழுத்துப் போகும் பாராசூட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே படகுக்காரர் ஓட்டுவார், நீங்கள் தொங்குவீர்கள். இங்கே உங்களைத் தூக்க யாரும் வரமாட்டார்கள், நீங்களேதான் ஓட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகள், மொத்தம் நான்கு நாள் பயிற்சி. கட்டணம் 900 வெள்ளி, அதாவது ரிங்கிட். இறக்கை, இருக்கை, தலைக்கவசம் எல்லாம் அவர்களே தருவார்கள், சாப்பாடு மட்டும் உங்கள் பாடு.

ஜார்ஜ் டவுனிலிருந்து பாலம் வழியாகச் சுங்கை பாக்காப் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். நான் மோட்டார் சைக்கிளில்தான் போனேன். பாலத்தில் மோட்டாருக்கு டோல் கிடையாது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, சுங்கை பாக்காப் டவுனில் ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் சாப்பிட்டு முடித்து, ஏழரைக்குக் குன்றின் அடியில் நின்றேன். செம்பனைத் தோட்டங்களுக்குப் பின்னால் புல் மட்டும் வளர்ந்த மொட்டைக் குன்று அது. கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை, மழை பெய்தால் மோட்டாரில் போக நினைக்காதீர்கள்.

பயிற்சியாளர் குமரனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. குரலை உயர்த்தாத ஆள். முதல் மூன்று நாளும் குன்றின் பாதியில் உள்ள சிறிய சரிவில்தான் பயிற்சி. இறக்கை என்பது நமக்குப் பின்னால் புல்லில் விரித்துக் கிடக்கும் பெரிய துணி. தோளிலிருந்து போகும் கயிறுகளோடு நாம் முன்னால் ஓட வேண்டும். துணியில் காற்று நிறைந்து, அது எழும்பித் தலைக்கு மேல் வரும். ஒவ்வொரு கையிலும் ஒரு பிரேக் பிடி. இழுத்தால் இறக்கை வேகம் குறையும். ஓடும்போது கைகள் மேலேயே இருக்க வேண்டும், இதுதான் முதல் பாடம், கடைசிப் பாடமும் இதுதான்.

எனக்கு அது வரவில்லை. ஓடுவேன், இறக்கை எழும்பும், தோளை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுக்கும். அந்த நொடியில் பயம் வந்து என் இரண்டு கையும் தாமாகக் கீழே இறங்கிவிடும். இறக்கை பின்னால் சாய்ந்து விழும், கூடவே நானும் மல்லாக்க விழுவேன். மூன்று நாளும் இதே கூத்து. என்னோடு சேர்ந்த கல்லூரிப் பெண்கள் இருவர் இரண்டாம் நாளே அழகாக ஓடிப் பழகிவிட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை குமரன் கேட்டார்: "அக்கா, நீங்க மோட்டார் ஓட்டுவீங்களா?"

"இருபத்திரண்டு வருசமா. தெனமும் பாலத்துல."

"அதான் லா. மோட்டார் ஓட்டறவங்க எல்லாரும் இதத்தான் செய்வாங்க. பயந்தா ஒடனே பிரேக்க புடிப்பீங்க. ரோட்ல அது உங்கள காப்பாத்தும். இங்க அதுதான் உங்கள தள்ளிவிடுது."

பாலத்தில் லாரிகளுக்கு நடுவே என்னை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்த பழக்கம் அது. அதைப் போய் ஒரே இரவில் மறப்பது எப்படி? அவ்வளவு எரிச்சல் வந்தது.

விதி எளிமையானது. சிறிய சரிவில் சுத்தமாக ஓடிக் காட்டினால்தான் உச்சிக்கு அனுமதி. பதினொரு மணிக்கு மேல் காற்று மாறிவிடும், அப்புறம் உச்சியிலிருந்து யாரும் பறக்க முடியாது. நான்காம் நாள் காலைக்குள் முடியாவிட்டால் பறக்காமலேயே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அடுத்த கிறிஸ்துமஸ் மேசையில் கோழிக்குப் பதில் என்னைத்தான் பரிமாறுவார்கள்.

அன்றைக்கென்று பார்த்து, பாகான் டாலாமிலிருந்து அண்ணன் தம் வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "விழுந்தா அள்ளிட்டுப் போக ஒரு ஆள் வேணாமா?" அண்ணனை அறிமுகப்படுத்திவிடுகிறேன். வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்தில் பாட்டுக்குத் தலைமை அவர்தான். ஆராதனை நேரத்தில் எல்லாரும் கைகளை உயர்த்தித் துதிப்பார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். எனக்குச் செபம் உண்டு, கை தூக்கும் வழக்கம் இல்லை. "கைய தூக்கு, ரீத்தா" என்று மேடையிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டு சாடை காட்டுவார். வருடக்கணக்காக நடக்கும் சண்டை இது.

காலையில் நான் மூன்று முறை விழுந்ததையும் அண்ணன் படமெடுத்தார். ஒவ்வொன்றும் உடனுக்குடன் குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போனது. சிரிக்கும் பொம்மைகள் வந்து குவிந்தன.

"போதும் லா, ரீத்தா. வா, வூட்டுக்குப் போலாம். இடுப்பு போச்சுன்னா யாரு பாத்துக்கறது?"

"அண்ணே, நீங்க படம் எடுக்கற வேலைய மட்டும் பாருங்க."

உடம்பெல்லாம் புல்லும் மண்ணும். முழங்கையில் ரத்தம். ஆத்திரத்தில் அழுகை வந்தது, அதையும் சேர்த்து விழுங்கிவிட்டு ஓடினேன். இழுப்பு வந்தது. கை இறங்கத் துடித்தது. விடவில்லை, இரண்டு கையையும் மேலே தூக்கியபடியே ஓடினேன். இறக்கை தலைக்கு மேல் வந்து அசையாமல் நின்றது. இன்னும் இரண்டு முறை அதே மாதிரி செய்து காட்டினேன். "வாங்கக்கா, மேல போலாம்" என்றார் குமரன். அப்போது மணி பத்தரை.

உச்சியிலிருந்து பார்த்தால் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகத் தெரியும் என்று மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. ஓடினேன், ஓடிக்கொண்டே இருந்தேன், ஒரு கட்டத்தில் காலுக்கடியில் தரை இல்லை. ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த நேரம் முழுக்க நான் கத்திக்கொண்டே இருந்தேனாம். தரையை நெருங்கியதும் தலைக்கவசத்தில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியில் குமரன், "இப்ப பிரேக், முழுசா புடிங்க" என்றார். அது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. இரண்டு காலிலும் நின்று இறங்கினேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரியும் பிப்ரவரியும் நல்லது, காற்று சீராக இருக்கும். கணுக்காலை மூடும் சப்பாத்தும் முழுக்கைச் சட்டையும் அவசியம். தண்ணீர் நீங்களே கொண்டுபோங்கள், அருகில் கடை இல்லை. எடை, வயது பற்றிப் பயிற்சியாளரிடம் கேளுங்கள், சொந்தக்காரர்களிடம் கேட்காதீர்கள். மோட்டார் ஓட்டுகிறவர் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நான் பறந்ததற்குப் படம் இல்லை. அண்ணன் எடுத்ததில் வானமே கிடையாது. புல் குலுங்குகிறது, அவருடைய சப்பாத்து குன்றடியில் தலைதெறிக்க ஓடுகிறது, நடுநடுவே அவர் குரல்: "கைய தூக்கு, ரீத்தா! கைய எறக்காத! யேசுவே, கைய தூக்குடி!" அதை மட்டும் அவர் குழுவில் போடவில்லை. அவர் கைப்பேசியைப் பிடுங்கி நானே போட்டேன். ஒருவரும் சிரிக்கும் பொம்மை அனுப்பவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்தில் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். மேடையிலிருந்து அண்ணன் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தார்.