சோலாருக்குக் கட்டிய கயிறு

சண்டையில் வன்னிக்கு வரும் பாதையை மூடிய பிறகு விசுவமடுவில் மண்ணெண்ணெய் மருந்துக்கும் கிடைக்கவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அக்கா பொழுதுபட்ட பின்னும் படித்தாள். தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைத் திருத்துகிற மாமா, அம்மாவின் தம்பி, எங்கிருந்தோ ஒரு சோலார் தகட்டைக் கொண்டுவந்து கூரையில் பூட்டி, பழைய பற்றரி ஒன்றோடு இணைத்திருந்தார். "வெயிலுக்கு ஒருத்தரும் பாதை மூட ஏலாது" என்று அவர் சொன்னதை அப்பா சந்தைவரை கொண்டுபோய்ச் சொன்னார். பற்றரியில் சேர்வது முழுவதும் அந்த வருடம் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை எடுக்கவிருந்த அக்காவுக்குத்தான். வானொலிக்குக்கூட அதில் பங்கில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. குண்டு போட விமானம் வந்தால் எல்லோரும் முற்றத்தில் வெட்டிய பதுங்கு குழிக்குள், பங்கருக்குள், இறங்க வேண்டும். நான் இறங்கமாட்டேன். ஒருமுறை அதற்குள் சாரைப்பாம்பு சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டேன். அதன்பிறகு வானம் இரைந்தால் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழறி அழுவேன். அம்மா அடித்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், நான் அசையவில்லை. என்னை விட்டுவிட்டு அவரும் இறங்கமாட்டார்.

ஒருநாள் மாமா கூரையில் ஏறி, தகட்டுக்கு மேலே தார்ப்பாய்ப் படங்குத் துண்டு ஒன்றைச் சுருட்டிக் கட்டினார். அதிலிருந்து நீளமான கயிறு ஒன்று கீழே வந்தது. கயிற்றை இழுத்தால் படங்கு விரிந்து தகட்டை மூடும்.

"கண்ணாடி மினுங்கினா மேல போறவனுக்குத் தெரியும் பிள்ளை. சத்தம் கேட்டவுடனை நீதான் ஓடிவந்து மூடோணும். நான் சொல்லுமட்டும் கயித்தை விடப்படாது."

கயிற்றின் மறுமுனையை அவர் பங்கருக்குள், கடைசி மூலையில் அடித்த கட்டையில் கட்டினார்.

சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாம்பு மறந்துபோயிற்று. இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் முதலில் பாய்பவள் நான், பின்னால் அம்மா. ஒவ்வொரு முறையும் விமானம் எங்களைத் தாண்டிப் போனதால் படங்கு வேலை செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தூரத்தில் குண்டு விழுந்த சத்தம் கேட்டால், அந்த வீட்டில் கயிறு இழுக்க ஆளில்லை என்று நினைத்துக்கொள்வேன். கடமை முற்றி, உழவு இயந்திரத்துக்கும் மூடினேன், மோட்டார் சைக்கிளுக்கும் மூடினேன். திறப்பதற்கு யாராவது கொக்கைத்தடியால் படங்கை மேலே தள்ள வேண்டும். ஆள் வரும்வரை நல்ல வெயிலெல்லாம் படங்கின் மேல் வீணாய்ப் போனது.

பற்றரி நிறையவில்லை. அக்காவின் மின்குமிழ் சிவந்து, கணக்குச் செய்துகொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். ஒரு பின்னேரம் அவள் மாமாவிடம் முறையிட்டது குசினிக்குள் அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது.

"இவள் உழவு மெசினுக்கும் மூடுறாள் மாமா. எனக்குச் சோதினை வருது. அந்தக் கயித்தை அவிட்டு விடுங்கோவன்."

"அது கட்டின இடத்திலயே கிடக்கட்டும் பிள்ளை."

அக்கா முற்றத்தில் இறங்கி, கயிறு போகும் வழியே பங்கர்வரை நடந்தாள். அடுத்த நாளிலிருந்து, சத்தம் கேட்டால் "வருது, ஓடு" என்று முதலில் கத்துகிறவள் அவளாகத்தான் இருந்தாள். கடைசியில் என் அருமை அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கணக்கில் அக்காவுக்கு நினைத்த பெறுபேறு வரவில்லை. அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நானோ, எங்கள் வீட்டுச் சோலாரைக் காப்பாற்றியது நான்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கயிற்றை வாசல் கப்புத் தூணிலேயே கட்டியிருக்கலாமே, மாமா ஏன் அதைப் பங்கரின் கடைசி மூலைவரை கொண்டுபோனார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்கு அது அந்தப் பின்னேரமே விளங்கியிருந்தது.