மங்கம்மாளின் பாதிச் சுற்று

மங்கம்மாள் எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் கடைசித் தம்பி ரங்கசாமியைக் கட்டியவள். பிறந்தது புதூர்நாடு. அவளுடைய அப்பாவின் அத்தையை எங்கள் மாமியாரின் தாய்மாமன் கட்டியிருந்தார். அந்த உறவை வைத்துத்தான் பெண் கேட்டு எங்கள் மலைக்குக் கொண்டுவந்தோம். ஆள் குள்ளம், வாய் நீளம். சாமை அறுப்பதானாலும் உலுக்கிய புளியைக் கூடையில் வாருவதானாலும் அவளுடைய வலது கைக்கு ஈடு கொடுக்க ஆள் கிடையாது.

அந்தக் கைதான் போயிற்று. போன தை மாதம் அடுப்புப் பற்றவைக்கக் குந்தியவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கவாதம். ஜீப் வைத்துக் கீழே கொண்டுபோனோம். உயிர் தங்கியது. பேச்சு வந்தது. காலும் இழுத்து இழுத்து நடக்கப் பழகிவிட்டது. கை மட்டும் தோளில் போட்ட ஈரத்துணி போலத் தொங்கியது.

ரங்கசாமி இப்போது இல்லை. ஒரே மகள் ஈஸ்வரி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். "புடவை கட்டிவுடவே உனக்கு ஒரு ஆள் வேணும். என்கூட வந்துடும்மா" என்று கூப்பிட்டாள். மங்கம்மாளுக்கு மகள்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. "அங்க இருக்கறது ஒரே ரூமு. மருமவன் வேல வுட்டு வந்தா நான் எங்க குந்தறது, மாடிப்படியிலயா?" என்பாள். கை வந்தால் தன் வீட்டில் தானே இருக்கலாம். வராவிட்டால் கதவைப் பூட்டிக்கொண்டு திருப்பூர். அவளுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

கீழே ஓர் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் ரோபோ வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஈஸ்வரி பதிவு செய்துவிட்டாள். துணைக்கு நான் போய் அங்கேயே தங்கினேன். ரோபோ என்றால் தலையும் காலுமாக ஒன்று நடந்து வரும் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் ஒரு மேசை. அதிலிருந்து இரும்புக் கை ஒன்று நீண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு பிடி. மங்கம்மாளின் முழங்கையைத் தாங்கி, பட்டை போட்டுக் கட்டி, விரல்களைப் பிடியின்மேல் மடக்கி வைத்தார்கள். எதிரே இருந்த டிவியில் ஒரு பந்து தெரிந்தது. அதை வட்டமாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டும்.

பயிற்சி கொடுத்தவள் சரிதா. போளூர்ப் பெண். யார் வீட்டுப் பிள்ளை என்று முதலிலேயே விசாரித்துக்கொண்டேன். "நீங்களா இழுக்கப் பாருங்கம்மா. முடியாத எடத்துல மிஷின் கை கொடுக்கும்" என்று சரிதா சொன்னாள். மங்கம்மாள் தலையை ஆட்டினாள். மிஷின் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே இழுத்தது. கை போயிற்று, வந்தது. பந்து அழகாகச் சுற்றியது. டிவியின் கீழே இரண்டு கோடுகள்: மிஷின் செய்தது பச்சை, மங்கம்மாள் செய்தது மஞ்சள். பச்சை நீண்டுகொண்டே போயிற்று. மஞ்சள் முளைக்கவே இல்லை.

மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். சரிதாவுக்குப் புரியவில்லை. "நான் தொட்டுப் பாத்தா தோள்ல அசைவு இருக்குதுங்க. இங்க உக்காந்தா ஒண்ணுமே வர்றதில்ல" என்று என்னிடம் சொன்னாள். "ரெண்டு வாரம் பாப்பாங்க. அப்பவும் இப்படியே இருந்தா இந்த நேரத்த வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

மங்கம்மாளின் யோசனை வேறு எங்கேயோ இருந்தது. "எதிர்ல யாருக்கா குந்தினு இழுக்கறது?" என்று என் காதில் கேட்டாள். சரிதா சிரித்துக்கொண்டே மேசையின் பின்பக்கம் கூட்டிப்போய், ஓட்டை வழியாக டார்ச் அடித்துக் காட்டினாள். உள்ளே மோட்டாரும் ஒயரும் இருந்தன. மங்கம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்குக் கை நோவாதா?"

"நோவாதும்மா."

"நல்லா பாங்கா இழுக்குது. நானும் தடுக்கறதில்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "கைய இன்னாடி பண்ற நீ?"

"சும்மா வுட்டுட்டு கீறேன். அது இழுக்கறப்ப நானும் இழுத்தா கல்லு எகிறாதா?"

எங்கள் வீட்டில் மாவு திரிக்கும் ராகிக்கல்லுக்கு இரண்டு பேர் எதிரெதிராக உட்காருவோம். ஒரே முளைக்குச்சியை இரண்டு பேரும் பிடித்துக்கொள்ள வேண்டும். தன் மார்புப் பக்கம் வரும் பாதிச் சுற்று அவரவருடையது. எதிரில் இருப்பவள் இழுக்கும்போது நம் கை சும்மா கூடப் போக வேண்டும். அந்த நேரத்தில் நாமும் இழுத்தால் கல் தடுக்கும். நீ இழுப்பது போதாது என்று அவளைக் குத்திக்காட்டுவது போலவும் ஆகும். மங்கம்மாள் புதுப்பெண்ணாக வந்தபோது எங்கள் மாமியார் அவளை எனக்கு எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

"சரிடி, உன் பாதி வர்றப்ப இழுக்கறதுதானே?"

"எங்க வுடுது? முழுச் சுத்தையும் அதே இழுத்துக்குது, புது மருமவ மாதிரி."

நான் இதைச் சொன்னதும் சரிதா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "எந்தப் பாதிம்மா உங்களுது? காட்டுங்க." மங்கம்மாள் இடது கையால் காற்றில் கோடு இழுத்துக் காட்டினாள். சரிதா போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்து கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றினாள். "இப்ப அந்தாண்ட பாதி மிஷினுது. இந்தாண்ட வந்ததும் கைவிட்டுடும். நீங்க இழுக்கற வரைக்கும் நிக்கும்."

மிஷின் தன் பாதியைச் சுற்றியது. நின்றது.

"இன்னாக்கா, நின்னுடுச்சி?"

"உன் மொறைடி. உனக்காவ காத்துனு கீது."

விருந்தாளியை வாசலில் நிற்க வைத்துவிட்டவள் போல அவள் முகம் மாறிப்போனது. உதட்டைக் கடித்தாள். தோள் எழும்பியது. "தோளத் தூக்காம இழுங்கம்மா" என்றாள் சரிதா. பந்து நடுங்கியது. ஒரு நூலளவு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. பச்சைக்குக் கீழே, புளியங்கொட்டை அளவுக்கு மஞ்சள் தெரிந்தது. சரிதா அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

மங்கம்மாளின் நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. மஞ்சள் சில நாள் வளர்ந்தது, சில நாள் சுருங்கிப்போயிற்று. வைகாசியில் மலைக்குத் திரும்பினோம். விரல்கள் இன்னும் ஊசி பிடிக்காது. ஆனால் புடவைக் கொசுவத்தை இடது கையால் மடித்து, வலது கையால் இடுப்போடு அழுத்தி, செருகிக்கொள்கிறாள். ஒரு புடவை கட்டுவதற்குள் ஒரு பானை சோறு வெந்துவிடும். கட்டிவிட்டுத்தான் வெளியே வருவாள்.

ஆடியில் ஈஸ்வரி வந்தாள், அம்மாவின் துணிமணிக்கென்று ஒரு பெரிய பையோடு. மங்கம்மாள் மகளை ராகிக்கல்லுக்கு எதிரே குந்தச் சொன்னாள். கல் நகர்ந்தது. அம்மாவின் கை நடுங்குவதைப் பார்த்து மனசு கேட்காமல் ஈஸ்வரி சேர்த்து இழுத்தாள். கல் தடுக்கியது.

"என் பாதிய வுடுடி" என்றாள் மங்கம்மாள்.

ஈஸ்வரி கையைத் தளர்த்தினாள். கல் நின்றது. பிறகு மெதுவாக மங்கம்மாளின் பக்கம் திரும்பியது. ஈஸ்வரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தன் பாதி வந்ததும் இழுத்தாள்.

சாயங்காலப் பஸ்ஸில் அந்தப் பை கேழ்வரகு மாவோடு திருப்பூருக்குப் போயிற்று.