சைபர் எழுதிய தாள்

கோட்-டெ-நெய்ஜில் நான் இருந்த அறையை விட என் ஈக்களின் அறை சூடானது. மே மாதம் வந்தும் மொன்றியலில் குளிர் விடவில்லை. நான் இரண்டு சுவெட்டரோடு படுப்பேன். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவற்றுக்கோ சூட்டுப் பெட்டி, சீனித் தண்ணீர்! வடக்கே ஆற்றங்கரைகளில் ஆட்களைக் கடித்துப் பிடுங்கும் கருப்பு ஈக்கள் அவை. ஆபிரிக்காவில் இவற்றின் உறவுக்காரர் ஒரு புழுவைப் பரப்பி மனிதரின் கண்ணைப் பறிக்கிறார்கள். இங்குள்ள எந்த இனத்துக்கு அப்படிப் புழு வளர்க்கும் கெட்டித்தனம் உண்டு என்று பார்ப்பதுதான் வேலை. மாட்டுப் புழுவின் குஞ்சுகளை ஈக்குள் ஊசியால் ஏற்றி, புழு வளர்ந்து தலைக்கு ஏறியிருக்கிறதா என்று பத்து நாளுக்குப் பிறகு தலையைக் கீறிப் பார்ப்போம்.

எனக்குத் தந்தது ஒரே இனம். ஒரு கிழமை கீறியும் ஒரு புழு இல்லை. வேறு இனத்தைக் கீறிய பக்கத்து மேசைப் பெண் நாள்தோறும் புழு எண்ணினாள். என் கைதான் பிழையோ என்று பயந்தேன். மூன்று மாதத் தவணை வேலை. அது நிரந்தரமானால்தான் இலங்கையின் மன்னாரில் இருக்கும் மனைவியை ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாம்.

மன்னாரில் நான் மலேரியாத் தடுப்பு வேலை பார்த்தவன். கோடையில் அருவியாறு வற்றி, மணலில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும். அகப்பையால் அள்ளி நுளம்புக் குடம்பிகளை எண்ணித் தாளில் எழுத வேண்டும். மேற்பார்வையாளர் செபமாலை அண்ணை சைபரைக் கண்டால் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அதே குட்டைக்குப் போவார். தானே அள்ளுவார். குடம்பி நெளியும். “தம்பி, தேத்தண்ணிக் கடையில குடம்பி இராது, கண்டியோ” என்பார். பிறகு அதே கடையில் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தருவார். அந்த மனுசனிடம் இன்னொருக்கால் ஏச்சு வாங்க மாட்டேனா என்றிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் தாளைக் கேட்டார். ஒரு சைபரையாவது ஒன்றாக்கிவிடலாமா என்று பென்சிலை எடுத்தேன். கை கூசியது. அப்படியே நீட்டினேன்.

“ஸெரோ? பர்ஃபே!” என்றார். சைபரா, அருமை என்று அர்த்தம்.

நக்கலடிக்கிறார் என்றே நினைத்தேன். நான் கபேயில் போய் இருக்கவில்லை என்று அரைகுறைப் பிரெஞ்சில் மன்றாடினேன். மனுசன் முழித்தார். பிரெஞ்சில் கபே என்றால் கோப்பியும்தான்; எனக்கு அது வேணுமாக்கும் என்று ஒரு கோப்பை ஊற்றித் தந்துவிட்டு, ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இந்த இனத்துக்குள் புழு போகும், வளராமல் செத்துப்போகும். அதை அறியத்தான் இவ்வளவு பாடும். தவணை முடிய வேலையையும் நிரந்தரமாக்கினார்.

ஊரில் சண்டை ஓய்ந்திருந்த சமாதானக் காலம் என்பதால் ஊருக்கு போன் லைன் கிடைத்தது. மனைவிக்குச் சொன்ன கையோடு செபமாலை அண்ணைக்கும் எடுத்தேன்.

“சைபர் எழுதி வேலை எடுத்தனியோ?” சிரித்துச் சிரித்து இருமினார். “உண்மையைச் சொல்லு, தேத்தண்ணிக் கடை கிட்டவோ?”

“ஓம் அண்ணை, கீழ் மாடியில” என்றேன். அழுகை வந்துவிட்டது.

இப்போதும் தாளை நிரப்பும் முன் கடைசி ஈயை இரண்டு தரம் பார்க்கிறேன். முதல் தரம் பேராசிரியருக்கு. மற்றது, என் முதுகுக்குப் பின்னால் அகப்பையோடு நிற்கும் செபமாலை அண்ணைக்கு.