ஒன்றரை மணி நேர துபாய்

கல்யாணத் தரகர் கோதண்டராமனுக்குத் தூரம் என்ற சொல்லே பிடிக்காது. பெண் கொடுக்கத் தயங்கும் தாயிடம் எந்த ஊரையும் பக்கத்தில் இழுத்து வைத்துவிடுவார். விழுப்புரம் அவர் வாயில் எதிர்வீடு. மெட்ராஸ் கொல்லைப்புறம். எங்கள் திருவண்ணாமலையில் பாதிக் கல்யாணம் இப்படி நடந்ததுதான். ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுபத்தொன்பதில் அவருக்கு ஒரு துபாய் மாப்பிள்ளை சிக்கினான். அடி அண்ணாமலை கிராமத்து மணியம்மாள், தன் மகள் பொன்னியைக் கடல் தாண்டி அனுப்ப மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். கோதண்டராமன் மாப்பிள்ளையின் விமான டிக்கெட்டை வாங்கி அவள் முன்னால் விரித்தார்.

"நல்லா பாரும்மா. பம்பாய்ல காலைல பத்து மணிக்குக் கெளம்புது. துபாய்ல பதினொன்னரைக்கு எறங்குது. ஒன்னரை மணி நேரம்! நம்ம வேலூர் பஸ்ஸே இதைவிட ஜாஸ்தி நேரம் எடுக்குது."

டிக்கெட்டில் பொய் இல்லை. துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடும், பறப்பது மொத்தம் மூன்று மணி நேரம் என்று மாப்பிள்ளை அவரிடம் விளக்கியிருந்தான். பம்பாய் போய்ச் சேரவே பஸ்ஸும் ரயிலுமாக இரண்டு நாள் ஆகும் என்பது யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரியும். இரண்டையும் விழுங்கிவிட்டார்.

மணியம்மாள் சம்மதித்தாள். அடுத்தடுத்து இன்னும் மூன்று பெண்கள் அந்த ஒன்றரை மணி நேரத்தை நம்பித் துபாய் போனார்கள்.

எண்பத்து நாலில் அவருடைய ஒரே மகள் வேதாவைக் கேட்டு வந்தார்கள். பையன் துபாயில் ஏ.சி. மெக்கானிக். அவனுக்கு உறவு என்று மணியம்மாளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

மகளைப் பார்க்காமல் கோதண்டராமனால் இருக்க முடியாது. "துபாய் ரொம்ப தூரங்க" என்றார்.

"என்னாண்ணே தூரம்? ஒன்னரை மணி நேரந்தானே?" என்றாள் மணியம்மாள், வெற்றிலையை மடித்தபடி.

மறைத்தால் மகள் போய்விடுவாள். சொன்னால் இத்தனை வருஷத் தொழில் போய்விடும். தொழில் போகட்டும் என்று கோதண்டராமன் எல்லாவற்றையும் கொட்டினார். கடிகார வித்தியாசம், மூன்று மணி நேரம், ஆயிரத்து இருநூறு மைல், பம்பாய் ரயில். சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

மணியம்மாள் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். "போன மொத மாசமே பொன்னி எல்லாத்தையும் எழுதிக் கடுதாசி போட்டுட்டாளே. பொண்ணைக் குடுத்த நாங்க நாலு பேரும் பேசி வெச்சுக்கினு கம்முனு இருந்தோம். உங்க பொண்ணுக்கும் துபாய் மாப்பிள்ளை வரட்டும்னு."

கூடம் குலுங்கிச் சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பாகூடச் சிரித்துவிட்டார். கோதண்டராமனுக்கு அவமானத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. மகள் பக்கம் திரும்பினார்.

"கேட்டியாம்மா? ரெண்டு நாளுக்கு மேல ஆவும். வேணாம்னு சொல்லிடு."

வேதா காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"லைப்ரரில அட்லஸ் பாத்துட்டேம்பா. கிட்டன்னா நான் ஒத்துக்கினே இருக்க மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. கோதண்டராமன் தாம்பூலத் தட்டை எடுத்து மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டினார்.