சித்தப்பா ஜெர்மன் படித்த நாவல்

அந்த நாவலை நான் முதலில் பார்த்தது ஒரு பண்ணை வீட்டுச் சமையலறை மேசையில், வெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில். பழைய பிரெஞ்சுக் கதை, ஜெர்மன் மொழிபெயர்ப்பு. ஒரு கிராமத்தில் இருவர் காதலிக்கிறார்கள். ஊர் முதலில் சிரிக்கிறது, பிறகு திரண்டு வந்து திருமணம் செய்து வைக்கிறது. என் சித்தப்பா ஜெர்மன் படித்தது அதில்தான்.

கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய ஈழத்து அகதிகளில் அவரும் ஒருவர். மேற்கு ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகருக்கு வெளியே, கணவனை இழந்த ஒரு பெண்ணின் மாட்டுப் பண்ணையில் அவருக்கு வேலை கிடைத்தது. மாலையில் பால் கறந்து முடிந்ததும் அவள் ஒரு பக்கம் வாசிப்பாள். அவர் அதையே திருப்பி வாசிப்பார். புரியாத சொல்லை அவள் எழுந்து நடித்துக் காட்டுவாள். காதலன் வெட்கப்படும் இடத்தை நடிக்கப்போய் அவளுக்கே முகம் சிவந்துவிட்டதாம். நாவல் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

வருடங்கள் போயின. தொழுவத்துக்கு மேலிருந்த அறையை விட்டு அவர் வீட்டுக்குள் குடிவந்தார். கல்யாணம் செய்துகொள்வோமா என்று அவள்தான் கேட்டாள். சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார்.

"வளர்ந்த பெடியள் ரெண்டு பேரின்ர தாய். உன்னிலும் மூத்தவள். நான் சனத்தின்ர முகத்திலை முழிக்கிறேல்லையோ?" என்று அப்பா கத்தினார்.

"அண்ணை, அவ நல்லவ," என்றார் சித்தப்பா.

அவளுடைய மகன்களும் சும்மா இருக்கவில்லை. நிலத்துக்காகத்தான் இவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். அதைக் கேட்டபின் சித்தப்பா கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. கட்டிக்கொண்டால் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும் என்று நினைத்தார்.

கடந்த பனிக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையில், நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். வேலைக்காரன் என்று சொல்லிவிட்டார். உள்ளே விடவில்லை. சில நாட்களில் அவள் இறந்துபோனாள்.

அடக்கத்தன்று தேவாலயத்தில் அவரைக் காணாமல் நான் பண்ணைக்கு ஓடினேன். கறுப்புக் கோட்டைக் கம்பியில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கன்று ஈனமுடியாமல் தவித்த பசுவின் பின்னால் முழந்தாளிட்டிருந்தார். தூரத்தில் மணி அடித்தது.

"சித்தப்பா, வாங்கோ. கொண்டு போகப் போகினம்."

"ஏலாது பிள்ளை. விட்டிட்டு வந்தால் ரெண்டும் செத்துப்போகும்." கன்றின் காலைப் பற்றி இழுத்தபடியே, "அங்கை நான் ஆர் எண்டு நிக்கிறது?" என்றார்.

மணி ஓய்ந்தபின்தான் கன்று வந்தது. உயிர் இருந்தது. மாதம் முடியுமுன் மகன்கள் மாடுகளை எல்லாம் விற்றார்கள். சித்தப்பா பீலெஃபெல்டில் ஓர் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார்.

இந்தக் கோடையில் அப்பா அவரை ஊன்ட்றொப்பில் உள்ள தமிழர் கோவில் திருவிழாவுக்குக் கூட்டிவந்தார். சனக்கூட்டத்தில் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் சித்தப்பாவின் தோளைத் தட்டி, "நீர் கடைசிவரைக்கும் கலியாணம் கட்டேல்லை என்ன?" என்று சிரித்தார்.

"என்ர மனுசி போன பனிக்காலத்திலை செத்துப்போனா," என்றார் சித்தப்பா.

சிநேகிதர் திகைத்து அப்பாவிடம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லேல்லையே?"