மேஸ்திரியின் அரை இஞ்ச் கட்டை

ஆவடியில் தொழிற்சாலைப் பரிசோதகனாக இருந்த காலத்தில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. இரும்புப் பலகை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. தலைமுடி அளவு கோணல் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தத் திமிரோடுதான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநின்றவூரில் வீடு கட்ட இறங்கினேன்.

எந்த அறை எங்கே வருகிறது என்று என் மனைவி கேட்கவே இல்லை. அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. "அடுப்படியில ஊத்துற தண்ணி தானா வெளிய போகணும். நானே ஊத்திப் பார்த்தாதான் ஃபேக்டரி குவார்ட்டர்ஸை விட்டு வருவேன்." பால் காய்ச்ச நாள் குறித்து, உறவுக்கெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது. அவளோ ஒரு பாத்திரத்தைக்கூட மூட்டை கட்டவில்லை.

மேஸ்திரி சமையலறையிலிருந்து குளியலறை வழியாகப் பின்பக்கக் கழிவுநீர்த் தொட்டி வரை பள்ளம் தோண்டிக் குழாயைப் போட்டார். மூடாமலே ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துக்கொண்டார். நான் லீவு எடுப்பவனா? மேற்பார்வை பார்க்கப் போனேன். குமிழியை வைத்துச் சமம் பார்க்கிற அவருடைய இரண்டடி ரசமட்டம் சுவரோரம் கிடந்தது. அதன் ஒரு முனையின் அடியில் அரை இஞ்ச் மரக்கட்டை ஒன்றை நூலால் கட்டியிருந்தார். கருவியை இப்படியா வைத்திருப்பது! கட்டையை அவிழ்த்து எறிந்து, ரசமட்டத்தைத் துடைத்துக் குழாய் மேல் வைத்தேன். குமிழி ஒரு பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டது.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். இத்தனை கோணலாகவா குழாய் போடுவார்! மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து, குழாய்க்கு அடியில் செங்கல் துண்டுகளைக் கொடுத்துக் கொடுத்துக் குமிழியை நட்டநடுவுக்குக் கொண்டுவந்தேன். தொட்டிச் சுவரில் இருந்த ஓட்டையை அடைத்து, அரையடி மேலே புதிதாக ஒன்று கொத்தினேன். பிறகு மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, ஊருக்கே நல்லது செய்தவன் போல ரயிலேறினேன்.

மறுநாள் காலை மனைவியை அழைத்து வந்தேன். அடையாளம் தெரியட்டும் என்று மஞ்சள் கரைத்த தண்ணீரைச் சமையலறையில் ஊற்றினாள். நான் தொட்டியருகே குந்தியிருந்தேன். ஒரு குடம், இரண்டு குடம். சொட்டுச் சொட்டாக ஏதோ வந்தது, அதுவும் நின்றது. குளியலறை ஓட்டையில் மட்டும் மஞ்சளாக ஒரு குட்டிக் குளம்.

அதற்குள் வந்து சேர்ந்த மேஸ்திரி, ரசமட்டத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுல கட்டிகினு இருந்த கட்ட எங்க?"

"குப்பைன்னு எடுத்துட்டேன்."

"இன்னா சார் நீ! அடிக்குக் கால் இஞ்ச் எறக்கம் வோணும். ரெண்டடி மட்டத்துக்கு அர இஞ்ச் கட்ட. கட்டையோட வெச்சு குமிழி நடுவுல நின்னா தண்ணி ஓடும். நீ தண்ணி படுத்துக்கப் பாய் விரிச்சுக் குட்த்துகீற."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"பன்னெண்டு வருஷமா குவார்ட்டர்ஸ் பின்னாடி சாக்கடையில குச்சி விட்டுக் குத்திக்கிட்டு இருக்கேன். ஊரு இரும்பையெல்லாம் அளக்குறீங்க. ஒருநாளாவது குனிஞ்சு, அது ஏன் அடைக்குதுன்னு பார்த்தீங்களா?"

பார்த்ததில்லை. அது அவள் வேலை என்றே நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. மண்வெட்டியை எடுத்தேன்.

சாயங்காலத்துக்குள் மேஸ்திரி புதுக் கட்டை கட்டினார். பழைய ஓட்டையைத் திறந்து, குழாயை மறுபடி இறக்கினோம். அவள் உள்ளே போய் ஊற்றினாள். பத்து எண்ணுவதற்குள் மஞ்சள் தண்ணீர் தொட்டிக்குள் விழுந்தது.

"வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"மேஸ்திரி, வந்துச்சா?"